வெட்சி வளர்ப்பு

தொல்காப்பியப் புறத்திணையியலை யாம் பாடங்கேட்கத் தொடங்கிய நாளில், ஆசிரியர், "உங்களுள் வெட்சிப்பூவைக் கண்டவர் உளரோ?" என வினவினார். வெட்சி குறிஞ்சிக்குப் புறன் என்பதும், பகைவர் ஆனிரை கவரச் செல்வார் அப்பூவைச் சூடுவர் என்பதும் எம் நாவில் நின்றன. பூவோ எவர் கண்ணிலும் நிற்கவில்லை. ஆசிரியர் யாதொன்றும் கூறாராய் எம்மை வெளியே அழைத்துச் சென்று, விடுதிப் படிக்கட்டின் மருங்கே நின்ற ஏழு செடிகளைக் காட்டினார். அவை, யாம் சிறுபருவத்தே காம்பை உறிஞ்சித் தேன்சுவைத்த இட்லிப்பூச் செடிகள்! ஓராண்டாக நாடோறும் அவற்றைக் கடந்து சென்றே வெட்சித்திணையை நெட்டுருச் செய்தோம். நாணத்தோடு அவற்றை உற்று நோக்கியபோதுதான், அவை நோயுற்றிருத்தலும் புலனாயிற்று. அன்று மேற்கொண்ட பணியிற் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

இச்செடியை இட்லிப்பூ என்பாரும், விருட்சி என்பாரும், தெச்சி என்பாரும் உளர். மலையாளத்தார் செத்தி என்பர். நூலார் இதற்கு இக்ஸோரா காக்சினியா எனப் பெயரிட்டனர். இக்ஸோரா என்பது ஈசுவரன் என்னும் சொல்லின் திரிபு. காப்பிச்செடியும் இதன் குடும்பத்ததே. இலைகள் காம்பு அற்றனபோல எதிரெதிரே தண்டை ஒட்டி நிற்கும். ஒவ்வொரு பூவும் ஓரங்குலத்துக்கு மேற்பட்ட மெல்லிய குழலும், அதன் முடியிற் சிலுவைபோல் விரிந்த நான்கு இதழ்களும் உடையது. நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் வெட்சியின் காலைச் செந்நிறமுடையதாகக் கூறியது எத்துணை நுட்பம் என்பதை, ஒரு பூவைக் கையில் எடுத்த பின்னரே உணர்ந்தோம். நாற்றுப்பண்ணையில் விற்கப்படுவனவெல்லாம் நம் நாட்டு வெட்சி அல்ல. இதழ்நுனி கூரியதாயின் நம்முடையது. மழுங்கியதாயின் சீனத்து இனமாதல் கூடும். வாங்குவோர் இதனை நோக்குக.

இனி எம் செடிகளுற்ற நோயைக் கூறுவாம். முதிர்ந்த இலைகள் ஒருவாறு பசுமையாகவே இருந்தன. தளிர்களோ நரம்பு மட்டும் பச்சையாய், ஏனைய இடமெல்லாம் வெளிறி மஞ்சளித்தன. உணவின்மையால் நேர்ந்ததெனக் கருதிச் சாண எருவும் கடலைப் பிண்ணாக்கும் இட்டோம். நாடோறும் ஆழ்கிணற்று நீர் பாய்ச்சினோம். இரண்டு திங்கள் கழிந்தும் பயனில்லை. தோட்டத்தைப் பேணும் முதியவர் எம் ஊக்கத்தைக் கண்டு நகைத்துக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழம் கிளறிக் காட்டினார். உள்ளே, படிக்கட்டுக் கட்டியபோது எஞ்சிய சுண்ணாம்புக் காரையும் செங்கல் நொறுங்கும் குவிந்திருந்தன. அம்மண்ணிற் சிறிது காடியை விட, நுரைத்துப் பொங்கிற்று.

வெட்சி, மழைமிக்க மேற்குத் தொடர்ச்சி மலைச்சாரலிலும் மலைநாட்டுச் செம்மண்ணிலும் தானே வளர்வது. அம்மண் புளிப்புத் தன்மையது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருப்பினும் கரைவதில்லை. கரையாததை வேர் உண்ணமாட்டாது. பந்தியில் அமர்ந்தும் இலையிலிட்ட சோற்றை அள்ளமாட்டாத குழவியின் நிலையே எம் செடிகளுக்கு நேர்ந்தது. யாம் எருவிட்டது அவ்விலையில் மேலும் சோற்றைக் குவித்ததாயிற்று! கிணற்று நீரின் உவர்ப்போ தீங்கை வளர்த்தது. தொல்காப்பியர் மண்ணியல் கூறப் புகுந்தவரல்லர்; எனினும், குறிஞ்சியோடு இயைத்த பூவைக் காரைமேட்டில் நட்டோர், இலக்கணத்தையேனும் ஒருமுறை நினைந்திருக்கலாம்.

ஐப்பசி மழை தொடங்கியபின், வேரோடு பற்றிய மண் சிதறாமற் செடிகளை எடுத்து, ஒன்றரை அடி ஆழம் காரையை அகற்றினோம். செம்மண் இருபங்கும், இலைமக்கு ஒருபங்கும், மணல் ஒருபங்கும் கலந்து குழியை நிரப்பி மீண்டும் நட்டோம். மேலே உலர்ந்த சருகைப் பரப்பினோம். அன்னபேதியை நீரொன்றுக்கு, அதாவது ஒரு லிட்டருக்கு, 5 கிராம் அளவிற் கரைத்துச் சில துளி எலுமிச்சைச்சாறு சேர்த்து, மாலைவேளையில் இலைகளில் தெளித்தோம். பத்து நாட்களுக்கு ஒருமுறையாக மூன்று முறை. அன்னபேதியைச் சுண்ணாம்பு மண்ணில் ஊற்றுவது வீண். அங்கும் அது விரைவிற் பிணிப்புண்டு போம். மஞ்சளித்த இலை மீண்டும் பசுமையுறுமோ என நோக்கியிருத்தலினும், புதுத்தளிரின் நிறத்தையே நோக்குதல் வேண்டும்.

கத்தரித்தலைப் பற்றி எமக்கொரு குறையுண்டு. வெட்சி புதுக்கிளையின் நுனியிலே பூப்பது. விழா நாள் அணுகும்போதெல்லாம் செடிகள் சுவர்போல் ஒழுங்காய் இருத்தல் வேண்டுமெனச் சிலர் விரும்ப, நீள்கத்தரி கொண்டு நுனிகள் யாவும் வெட்டப்படும். விழாவிற்குப் பச்சைச் சுவர் உண்டு, பூவில்லை. ஒரு பூக்கொத்து உதிர்ந்த பின்னர், அதன் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுவதே முறை. வெட்டிய இடத்தினின்று இரு கிளை எழும், இரண்டும் பூக்கும்.

வெட்டிய கிளைகளை எறிதல் வேண்டா. முற்றிலும் முதிராத, எழுதுகோலின் பருமனுள்ள தண்டை ஐந்து அங்குல நீளம் நறுக்கி, கீழிலைகளைக் களைந்து, மணலும் மக்கும் கலந்த தொட்டியில் ஊன்றி நிழலில் வைத்தால், ஏறக்குறைய இரண்டு திங்களில் வேர்விடும். பின்னர் அரைநாளேனும் வெயில் படும் இடத்தில் நடுக. நிழலிற் செடி பிழைக்கும், பூ அரிது. நீர் தேங்கலாகாது.

இலைமேற் கரிபூசினாற்போற் கருமை படருமாயின், அதனைத் துடைத்தல் மட்டும் போதாது. செதிற்பூச்சி முதலியன சாற்றை உறிஞ்சி இனிய நீரைக் கழிக்க, அதன்மேற் படரும் பூஞ்சணமே அது. எறும்புகள் தண்டில் ஏறுவது அதன் முன்னறிவிப்பு. வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரிற் கலந்து இலையின் அடிப்புறத்தே தெளித்தோம். பூ மலர்ந்திருக்கும்போது மட்டும் தெளியாது விட்டோம். ஏனெனின், அந்நீண்ட குழலின் அடியிலுள்ள தேனை நீண்ட உறிஞ்சுகுழலுடைய வண்ணத்துப்பூச்சிகளே எளிதில் எட்டும். அவை வாராதொழியின் காயும் அரிதாம்.

ஏழு செடிகளுள் இரண்டு பிழைத்தில. எடுக்கும்போது வேர் அறுந்தமையே காரணம் போலும். எஞ்சிய ஐந்தும் தைத்திங்களிற் பசுந்தளிர் ஈன்றன. வெற்றிடம் இரண்டிலும் யாம் ஊன்றி வளர்த்த பதியன்கள் இப்போது நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் நுனியில், தீக்குச்சிமுனை அளவிலே, முதல் அரும்புக்கொத்து தோன்றியிருக்கின்றது. நீள்கத்தரி அப்பக்கம் வாராதபடி இரண்டு முளையடித்துக் கயிறு கட்டியிருக்கின்றோம்.