பாசி தரும் எரிபொருள்

குளத்து நீரைப் பச்சையாக்கும் பாசியைப் பயனற்றதென எண்ணுகிறோம். ஆனால், அது சூரிய ஒளியால் வளர்ந்து, மாவுச்சத்தையும் எண்ணெயையும் தன்னுள் சேர்த்து வைக்கிறது. அம்மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டைக் கொண்டு புளிக்கவைத்தால் எத்தனால் கிடைக்கும். எண்ணெயிலிருந்து டீசல் செய்யலாம். கரும்பு, செம்பனை போல் இதற்கு விளைநிலம் வேண்டியதில்லை. சில வகைகளுக்கு உப்புநீரே போதும்.

1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு இதனை ஆராய்ந்து, 3,000க்கும் மேற்பட்ட வகைகளைத் திரட்டியது. எண்ணெய் கிடைத்தது, செலவோ மிகுந்தது. திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம் பாசி கிடைப்பதே அரிது. அதனைப் பிரித்தெடுக்கவே பெருஞ்சக்தி செலவாகிறது. இத்தடை இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. அதனை நீக்கும் அறிவு நம் தோட்டத்துப் பிள்ளைகளிடமிருந்தும் தோன்றலாம். ஆகவே, அறிவியலை ஊன்றிக் கற்போமாக!