கத்தரிக்கு முன் பென்சில்

ஆடை வடிவமைப்புப் படிப்பில் முதலாண்டு மாணவர்கள் வரையும் ஓவியங்களைக் காணும் பெற்றோர் பலர் சற்றுத் திகைப்பதுண்டு. தாளில் நிற்கும் பெண்ணின் கால்கள் நாரையின் கால்களைப் போல நீண்டிருக்கும், தலையோ சிறுத்திருக்கும். இது பிழையன்று, மரபு. மனித உடலின் இயல்பான உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை அளவு. ஆடை ஓவியத்தில் அதனை ஒன்பது தலை அளவாக நீட்டி வரைகின்றனர். கூடுதலாகக் கிடைக்கும் உயரத்தில் பெரும்பகுதி கால்களுக்கே செல்கிறது. துணி விழும் அழகு அப்போது தெளிவாகப் புலப்படும். இவ்வகை ஓவியத்திற்குக் ‘க்ரோக்கி’ என்று பெயர். விரைந்து தீட்டிய கோட்டோவியம் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது.

க்ரோக்கியில் தேர்ச்சி பெற்ற மாணவர் சில ஆண்டுகளில் நொய்டாவிலோ குருகிராமிலோ உள்ள ஓர் ஆடை நிறுவனத்திற்குப் பயிற்சிக்குச் செல்கிறார். அங்கே அவரிடம் பெரிதும் கேட்கப்படுவது வேறோர் ஓவியம். இவ்வேறுபாட்டை முன்னரே அறிந்து செல்பவருக்குப் பயிற்சிக் காலத்தின் முதல் மாதம் வீணாவதில்லை. நம் வாடிக்கையாளர் குடும்பங்களில் இத்துறையை நாடும் இளைஞர்கள் பெருகி வருவதால், அவ்விரு ஓவியங்களையும் இங்கு அருகருகே வைத்துக் காண்போம்.

முதலில் க்ரோக்கி. தாளில் மேலிருந்து கீழாக ஒரு செங்குத்துக் கோடு வரைந்து அதனை ஒன்பது சம பாகங்களாகப் பிரிக்க வேண்டும். முதற்பாகம் தலை. மூன்றாம் கோட்டில் இடை, நான்கிற்குச் சற்றுக் கீழே கால்கள் பிரியுமிடம், ஆறாம் கோட்டையொட்டி முழங்கால். அடுத்து, உருவம் நிற்க வேண்டும். கழுத்துக் குழியிலிருந்து நேராகக் கீழே இறங்கும் கோடு, உடலின் எடையைத் தாங்கும் பாதத்தை வந்து தொட வேண்டும். அக்கோடு பாதத்தை விட்டு விலகினால், முகம் எத்துணை அழகாக இருப்பினும் உருவம் சாய்ந்து விழுவதுபோலவே தோன்றும். எடை தாங்கும் பக்கத்தில் இடுப்பு உயரும். அப்பக்கத்துத் தோள் தாழும். இந்த ஓர் உண்மையை நன்கு பழகிக்கொண்டவர் எந்த நிலையையும் வரைந்துவிடலாம்.

துணியைக் காட்டுவதும் இங்கேதான். ஷிஃபான் மெல்லிய பல மடிப்புகளாக வழியும். டெனிமில் மடிப்புகள் குறைவு. விழுந்தவை கோணலாக முறியும். பனாரஸ் சரிகைத் துணி உடலை விட்டுச் சற்று விலகி விறைத்து நிற்கும். கடையில் துணியைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்ப்பதே இதற்குச் சிறந்த பாடம். கைபேசித் திரையிற் காணும் பிறர் ஓவியங்களைப் பார்த்து வரைவதால் கோடு பழகலாம்; துணி பழகாது என்பது நம் கருத்து.

இரண்டாவது ஓவியம் ‘ஃபிளாட்’. இதில் உடல் இல்லை, முகம் இல்லை, வண்ணமும் பெரும்பாலும் இல்லை. ஆடையை மேசை மீது விரித்து வைத்தாற்போல முன்புறமும் பின்புறமும் வரையப்படும். நீட்டல் மரபுக்கு இங்கு இடமில்லை; ஆடையின் உண்மையான நீள அகல விகிதம் அப்படியே அமைய வேண்டும். வெளிவிளிம்பு சற்றுத் தடித்த கோடு. இரு துண்டுகள் இணையும் தையல் மெல்லிய கோடு. துணியின் மேற்புறம் தெரியும் அலங்காரத் தையல் விட்டு விட்டுச் செல்லும் புள்ளிக்கோடு. 0.5, 0.3, 0.1 என மூன்று பருமனில் பேனாக்கள் வைத்திருந்தால் போதும். பட்டன் எத்தனை, பட்டன் துளை நிமிர்ந்ததா கிடந்ததா, பை எங்கே தொடங்குகிறது என்பனவெல்லாம் இதில் விடையாக இருக்க வேண்டும். ஏனெனில், இதனைப் படிப்பவர் ரசிகரல்லர். துணி வெட்டும் அளவு வடிவத்தை உருவாக்கும் மாஸ்டர்.

அனார்கலி குர்தாவை எடுத்துக்கொள்வோம். க்ரோக்கியில் அதன் கீழ்ப்பகுதியை இரண்டே வளைகோடுகளால் விரித்துக் காட்டிவிடலாம். ஆனால் தில்லிப் பகுதி மாஸ்டர் அதனைக் கண்டதும் கேட்கும் முதற்கேள்வி, ‘கலி எத்தனை?’ என்பதாகும். கலி என்பது மேலே குறுகியும் கீழே அகன்றும் வெட்டப்படும் துண்டு. கீழ்முனையில் 9 அங்குலம் உள்ள 12 கலிகளைச் சேர்த்தால் கீழ்ச்சுற்றளவு 108 அங்குலம். 16 கலிகளைச் சேர்த்தால் 144 அங்குலம். இச்சுற்றளவை அங்கே ‘கேர்’ என்பர். தாளின் மீது இவ்விரண்டு ஆடைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். கலிகளின் தையல் கோடுகளை எண்ணி வரைந்தால் மட்டுமே வேறுபாடு தெரியும். இந்தச் சொற்களோடு, அக்குளைச் சுற்றிய வளைவிற்கு ‘மோடா’, பக்கவாட்டுத் திறப்பிற்குச் ‘சாக்’ என்பவற்றையும் தெரிந்துகொண்டு செல்லும் தமிழ் மாணவர்க்கு அங்கே பாதி மொழிச்சிக்கல் தீர்ந்தது எனலாம்.

இதிலுள்ள பணக்கணக்கையும் பார்ப்போம். கூடுதலான நான்கு கலிகளுக்கு ஓர் ஆடைக்கு அரை மீட்டர் துணி மிகுதியாகச் செல்கிறது என்று கொள்வோம். 500 ஆடைகளுக்கு 250 மீட்டர். மீட்டர் ரூ.240 என்றால் ரூ.60,000. வாங்குபவரோடு விலை பேசி முடித்த பின்னர் இத்தொகை தெரியவந்தால் அது முழுவதும் நிறுவனத்தின் இலாபத்திலிருந்தே குறையும். பயிற்சி மாணவரின் ஃபிளாட்டை மேற்பார்வையாளர் ஒருமுறைக்கு இருமுறை திருப்பி அனுப்புவதற்கு இதுவே காரணம். மாணவர் அதனைத் தம் திறமைக்கு நேர்ந்த இழுக்காகக் கருத வேண்டியதில்லை.

அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் 1961-இலும், புது தில்லியில் நிஃப்ட் 1986-இலும் தோன்றின. அவற்றுக்கு முன்னர் இத்துறைக்கு வந்தவர்கள் ஓவியக் கல்லூரி வழியாக வந்ததுண்டு. கோலாப்பூரில் பிறந்த பானு அதய்யா மும்பை ஜே.ஜே. கலைக் கல்லூரியில் பயின்று, மகளிர் இதழ்களுக்கு ஆடை ஓவியங்கள் வரைந்தவர். அவ்விதழ்களுள் ஒன்றின் ஆசிரியை ஆடைக்கடை தொடங்கியபோது, வரைந்தவற்றைத் தைத்துக் காட்டும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1950-களில் திரைத்துறைக்கு வந்தார். ‘காந்தி’ திரைப்படத்தின் ஆடை வடிவமைப்பிற்காக 1983-இல் ஜான் மோலோவுடன் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர் அவரே. இதழின் பக்கத்திலுள்ள ஓவியம் வாசகரைக் கவர்ந்தால் போதும்; கடையில் தொங்க வேண்டிய ஆடைக்கோ தையற்காரருக்குப் புரியும் வரைபடம் வேண்டும். அவர் கடந்த தொலைவையே இன்றைய மாணவர் சில மாதப் பயிற்சியில் கடக்க முயல்கிறார்.

கணினியில் இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா போன்ற மென்பொருள்கள் வந்துவிட்ட பின்னர் கையால் எதற்கு வரைய வேண்டும் என்று கேட்கலாம். நிறுவனத்தின் இறுதிக் கோப்பு கணினியிலேயே அமையும் என்பது உண்மை. ஆயினும் மாஸ்டரின் மேசையருகே நின்று பேசும்போது கையில் இருப்பது ஒரு துண்டுத் தாளும் பென்சிலுமே. மோடாவை அரை அங்குலம் இறக்க வேண்டும் என்பதை அங்கேயே வரைந்து காட்டுபவர் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

பயிற்சியில் சேருமுன் ஒப்பந்தத்தை ஊன்றிப் படிப்பது இன்றியமையாதது. அங்கு வரைபவை நிறுவனத்திற்கே உரியவை என்னும் விதி அதில் இருக்கலாம். அவ்வாறாயின் பின்னாளில் வேலை தேடும்போது அவ்வோவியங்களைத் தம் தொகுப்பில் காட்ட எழுத்து மூலமான இசைவு தேவைப்படும். உதவித்தொகை உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும். கல்விக் கடன் பெற்றுப் படிப்போர்க்குப் படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டு வரையிலும் தவணை செலுத்துவதிலிருந்து பொதுவாக விலக்கு உண்டு. ஆனால் வட்டி அக்காலத்திலும் கணக்கிடப்படும். கிடைக்கும் உதவித்தொகை சிறிதாயினும் அவ்வட்டிக்குச் செலுத்திவந்தால் பின்னர்ச் சுமை குறையும்.

விடுமுறையில் வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. தந்தையின் முழுக்கைச் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து அளவெடுங்கள். நீளம் 72 செ.மீ., மார்பகலம் 54 செ.மீ., தோளகலம் 46 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 14.4, 10.8, 9.2 செ.மீ.; ஒரு சாதாரணத் தாளில் அடங்கிவிடும். தாளை நெடுக்காக மடித்துப் பாதிச் சட்டையை மட்டும் வரைந்து, மறுபாதியைப் படியெடுத்தால் இருபுறமும் ஒத்திருக்கும். முன்புறம் முடிந்தபின் பின்புறம். பிறகு அத்தாளை அருகிலுள்ள தையற்கடையில் கொடுத்து, இதனைக் கொண்டு ஒரு சட்டை தைக்க இயலுமா என்று மட்டும் கேளுங்கள். அவர் திருப்பிக் கேட்கும் வினாக்களை ஒன்றுவிடாமல் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த சட்டையை வரையத் தொடங்கலாம்.