முடிவு தெரிந்த பிறகுதான் ருசி

'சிவகாமியின் சபதம்' நாவலை மூன்றாம் முறையாகப் படிக்கிறேன். "முடிவு தெரிந்த கதையை எதற்கம்மா மறுபடியும் படிக்கிறாய்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நேரத்தை வீணாக்குகிறேனா?
– ஒரு வாசகி, திண்டிவனம்

இல்லவே இல்லை அம்மா, தாராளமாகப் படியுங்கள்! முடிவு தெரிந்துவிட்டால் 'அடுத்து என்ன?' என்ற அவசரம் போய்விடும்; அப்போதுதான் மனிதர்கள் கண்ணில் படுவார்கள். பாவாடை தாவணி வயதில் சிவகாமிக்காக அழுதிருப்பீர்கள். இப்போது மகளைப் பறிகொடுத்த ஆயனச் சிற்பி உங்களை உலுக்குவார். 1944-ல் கல்கி தொடராக எழுதத் தொடங்கிய கதை அப்படியேதான் இருக்கிறது. படிக்கிற நீங்கள் தாயாகிவிட்டீர்கள்.

இந்த முறை ஒன்று செய்யுங்கள். மகேந்திர பல்லவர் வரும் பகுதிகளைப் படித்ததும், விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கும் மண்டகப்பட்டுக்குப் பிள்ளைகளோடு போய்வாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்காக அவர் குடைவித்த கோயில் அது. 'விசித்திரசித்தன்' என்ற அவரது பட்டப்பெயரோடு அங்குள்ள கல்வெட்டே அதைச் சொல்கிறது. பார்த்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தால், மகேந்திரர் உங்கள் ஊர்க்காரராகவே பேசுவார். நான்காம் முறை படிக்கப் பிள்ளைகளும் போட்டிக்கு வருவார்கள்.