புதிய சேமிப்புத் தட்டை ஆயத்தஞ் செய்தல்

கணிப்பொறியில் புதிதாக ஒரு ‘ஹார்டு டிஸ்க்’கைப் பொருத்தி, மூடியை அடைத்து, மின்சாரத்தைச் செலுத்திய மாணாக்கர் பலர், திரையில் அதனைக் காணாது திகைப்பதுண்டு. பொருள் பழுதென்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வாருமுளர். பெரும்பாலும் பழுது தட்டினிடத்தன்று. அதனை ஆயத்தஞ் செய்யாமையே காரணமாம். அம்முறையை ஈண்டுச் சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

புதிய தட்டினைக் கோடும், பக்க எண்ணும், பொருளடக்கமும் இல்லாத ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்திற்கு ஒப்பிடலாம். தாள் உண்டு, ஆயின் எதனை எங்கே எழுதுவது, எழுதியதை எங்கே தேடுவது என்பதற்குக் குறிப்பு யாதுமில்லை. அக்குறிப்பை உண்டாக்குதற்கு மூன்று படிகள் உள. விண்டோஸில் இம்மூன்றையும் ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’ என்னுங் கருவியிலேயே செய்யலாம். அக்கருவியிலும் தட்டு தோன்றாவிடின், மின்சாரத்தை நிறுத்திக் கம்பிகள் செவ்வனே பொருந்தினவா என்று சோதித்தல் வேண்டும்.

முதற்படி, பகுப்பு அட்டவணை எழுதுதல். இதனை ‘இனிஷியலைஸ்’ செய்தல் என்பர். அட்டவணை இருவகைப்படும். ‘எம். பி. ஆர்.’ என்னும் பழைய வகை, 1983-ஆம் ஆண்டில் ஐ. பி. எம். கணிப்பொறிகளில் வழக்கிற்கு வந்தது. தட்டின் இடங்களை இது 32 இரும இலக்கங்களால் எண்ணுகின்றது. ஓரிடத்திற்கு 512 பைட்டாகக் கணக்கிடின், ஏறத்தாழ 2.2 டெராபைட்டிற்கு மேற்பட்டது இதில் அடங்காது. முதன்மைப் பகுதிகளும் நான்கிற்கு மேல் இயலா. ‘ஜி. பி. டி.’ என்னும் புதிய வகையோ 64 இலக்கங்களால் எண்ணுவது. விண்டோஸில் 128 பகுதிகள் வரை இடந்தருவது. அட்டவணையின் பிரதியொன்றைத் தட்டின் இறுதியிலும் வைத்துக் காப்பது. ஆதலின் இக்காலத்துக் கணிப்பொறிகளுக்கு இதுவே தக்கது.

இரண்டாம்படி, பகுதி வகுத்தல். தட்டு முழுவதையும் ஒரே பகுதியாகவோ, வேண்டுமாயின் பலவாகவோ வகுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம்படி, ‘பார்மட்’ செய்தல்; அஃதாவது, கோப்புகளின் பெயரையும் இருப்பிடத்தையும் குறித்துவைக்கும் முறையொன்றை அப்பகுதியில் நிறுவுதல். விண்டோஸுக்கு ‘என். டி. எப். எஸ்.’ முறையும், லினக்ஸுக்கு ‘எக்ஸ்ட் 4’ முறையும் ஏற்றவை.

இவை முடிந்தபின், 1 டெராபைட் என்று விற்கப்பட்ட தட்டு விண்டோஸில் 931 ஜிகாபைட் என்று தோன்றுதல் கண்டு அஞ்சற்க. விற்போர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகின்றது. குறைந்தது தட்டன்று, வேறுபட்டது அளவுகோலே.

இனிக் கூறுவது யாவற்றினும் முக்கியமானது. புதிய தட்டைக் கண்டபோது, ‘இதனைப் பார்மட் செய்க’ என்று கணிப்பொறி கேட்பது இயல்பு. அட்டவணை சிதைந்த பழைய தட்டைக் கண்டபோதும், லினக்ஸில் எழுதப்பட்ட தட்டை விண்டோஸ் கண்டபோதும், அதே வினா எழக்கூடும். வெறுந்தாளையும் தனக்கு விளங்காத எழுத்தையும் இயந்திரம் வேறு பிரித்து அறிவதில்லை. அதனை அறிய வேண்டியவர் நாமே. ‘ஆம்’ என்று ஒருமுறை அழுத்தியதனால், மூன்றாண்டு உழைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையும் இறந்த பெற்றோரின் புகைப்படங்களும் ஒரு கணத்தில் மறைதல் கூடும். ‘எஸ். எஸ். டி.’ வகைத் தட்டாயின், அழிந்தவற்றை மீட்டல் பெரும்பாலும் அரிது.

ஆதலின், பொத்தானை அழுத்துமுன் தட்டின் எண்ணையும், மாதிரிப் பெயரையும், கொள்ளளவையும் மும்முறை ஒப்பிட்டுப் பார்க்க. பழைய தட்டிலுள்ளவற்றை முன்னரே வேறோரிடத்தில் பிரதி செய்க. இயலுமாயின், வேலை முடியும்வரை பழைய தட்டைக் கழற்றி வைக்க. முன்பு எழுதிய தட்டே அவ்வினாவை எழுப்பின், ‘இல்லை’ என்று விடுத்து, வல்லார் ஒருவரிடம் காட்டுக. ஆயத்தஞ் செய்யும் வேலை சில நிமிடங்களில் முடிவது. அதற்குமுன் நின்று பார்க்கும் ஒரு நிமிடமே பல்லாண்டு உழைப்பைக் காப்பது.