பார்வையற்றவர் கைக்கு எட்டும் சாட்டிலைட் ரேடியோ

வேர்ல்ட்ஸ்பேஸ் சாட்டிலைட் ரேடியோ 2009 டிசம்பர் 31-ல் இந்தியாவில் நின்றபோது, மயிலாப்பூரில் அதன் கர்நாடக இசைச் சேனல் 'ஸ்ருதி'யை இழந்து வருந்தியவர்கள் உண்டு. இன்று டிடி ஃப்ரீ டிஷ் பெட்டியில் சாட்டிலைட் வழியாகவே வானொலி வருகிறது. ஆகாசவாணியின் தமிழ்ச் சேனல், 2016 ஜனவரி 26-ல் தொடங்கிய செவ்வியல் இசைச் சேனல் 'ராகம்' இரண்டும் உண்டு. மாதச் சந்தா கிடையாது. ஆனால் சேனல் மாற்ற டிவி திரையைப் பார்த்தாக வேண்டும். பார்வையற்றவர் பாட்டு கேட்க இன்னொருவர் வரும்வரை காத்திருப்பது வேதனை. வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

1. டிவி இல்லாமலே கேட்கலாம். பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை துளைகள் இருந்தால், சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. அவற்றிலிருந்து ஒரு ஒயரை ஆக்ஸ் வசதியுள்ள ஸ்பீக்கரில் செருகுங்கள். மஞ்சள் படத்துக்கானது, அந்தத் துளையில் ஒரு துண்டு டேப் ஒட்டி மூடிவிட்டால் கை தவறாது. ஸ்பீக்கரைக் கட்டிலருகே வைக்கலாம், மின்சாரமும் மிச்சம்.

2. ரிமோட்டில் மேடு வையுங்கள். பெரும்பாலான ரிமோட்டுகளில் 5-ம் எண்ணின் மேல் சின்னப் புள்ளி இருக்கும். மற்ற எண்களை அதை வைத்தே பிடித்துவிடலாம். பவர் பட்டனிலும், 'டிவி/ரேடியோ' என்ற பட்டனிலும் நெயில் பாலிஷைச் சொட்டாக வைத்து, காய்ந்ததும் மேலே இன்னும் இரண்டு மூன்று முறை வைத்தால் நன்றாக உயரும். ரங்கநாதன் தெருவில் கிடைக்கும் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டும் ஆகும், ஆனால் வியர்வையில் கழன்றுவிடும். ஆசைப்பட்டு எல்லா பட்டனிலும் வைக்காதீர்கள். அடையாறில் இருக்கும் என் பெரியம்மா கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "மூணு போதும், மிச்சத்தைச் சுரண்டி எடுத்துடு" என்றார். எங்கே வைப்பது என்று பயன்படுத்துபவரிடமே கேளுங்கள்.

3. டிவி ரிமோட்டும் பெட்டி ரிமோட்டும் குழம்பினால், பெட்டியினுடையதில் ஒரு ரப்பர் பேண்ட்.

4. பிடித்த சேனல்களின் எண்களை உட்கார்ந்து ஒருமுறை கண்டுபிடித்து, போனின் வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் பதிந்து கொடுங்கள். பிரெயில் தெரிந்தவர் அட்டையில் குத்திக்கொள்வார். பெட்டியை மறுபடி ஸ்கேன் செய்தால் எண்கள் மாறலாம், பதிவையும் மாற்றுங்கள்.

5. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்னல் போய்விடும். திரையில் வரும் அறிவிப்பு பார்வையற்றவருக்குத் தெரியாது. திடீர் மௌனம்தான் கேட்கும். ரிமோட்டைத் தட்டித் தட்டி அமைப்பைக் குலைத்துவிடாமல் இருக்க, இதை முன்பே சொல்லிவையுங்கள். பக்கத்தில் பேட்டரி ரேடியோ ஒன்று இருக்கட்டும், சென்னையில் 101.4-ல் எஃப்எம் ரெயின்போ கிடைக்கும்.

6. புயலுக்குப் பிறகும் வரவில்லையா? டிஷ் திரும்பியிருக்கலாம். ஜிசாட்-15 சாட்டிலைட் நமக்குத் தென்கிழக்கே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அதனால் தி.நகர் சந்துகளில்கூட எதிர் பிளாட் அவ்வளவாக மறைக்காது. மொட்டை மாடிக்கு ஆள் அனுப்பி, டிஷ்ஷைப் பழைய திசைக்குத் திருப்பி நட்டை இறுக்கச் சொல்லுங்கள்.

7. இணையம் இருந்தால் ஆண்ட்ராய்டு போனில் ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலி. திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை இயக்கி, தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை தொட்டால் பட்டனின் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். பெயர் சொல்லாமல் வெறும் 'பட்டன்' என்று சொன்னால், டாக்பேக் மெனுவில் நாமே பெயர் வைக்க வழி இருக்கிறது. 'ராகம்' என்று பெயர் வைத்துக் கொடுத்தால் அடுத்த முறை யாரையும் கூப்பிட வேண்டாம்.

8. பழைய சாமான் கடையில் வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டி மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். அதற்கு இப்போது ஒலிபரப்பே இல்லை.

9. வீடு பெருக்கும்போது ரிமோட்டை எடுத்தால், எடுத்த இடத்திலேயே, எடுத்த திசையிலேயே வையுங்கள். ஸ்பீக்கர் ஒயரையும்தான்.