சிறப்புப் பொருளாதார மண்டலங்களும் சேலம் நாட்டுத் தொழில்களும்

ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே ஒரு நிலப்பகுதியை வேலியிட்டுப் பிரித்து, அங்கே தொழில் நடத்துவோர்க்குச் சுங்கவரி, வருமானவரி முதலியவற்றில் சலுகை அளித்து, ஏற்றுமதியைப் பெருக்க முயல்வதே சிறப்புப் பொருளாதார மண்டலம் எனப்படும். அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தை ஒட்டி 1959-இல் எழுந்த மண்டலம் இதற்கு முன்மாதிரியாயிற்று. நம் நாட்டில் குஜராத்தின் காண்டலாவில் 1965-இலும், சென்னைத் தாம்பரத்தில் 1984-இலும் ஏற்றுமதி மண்டலங்கள் தோன்றின. இவற்றிற்கென 2005-இல் இயற்றப்பெற்ற தனிச்சட்டம் 2006 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இம்மண்டலங்களுள் சில செழிப்பதும் சில வாடுவதும் எதனால் என்பதை ஈண்டு ஆராய்ந்து, அதன் பயனை நம் சேலம், நாமக்கல் சமவெளிக்குப் பொருத்திக் காண்போம்.

முதலாவது கருதற்குரியது இடம். சீனநாடு 1980-இல் ஷென்ஜென் என்னும் ஊரைத் தேர்ந்தெடுத்தபோது, அதன் எல்லையை அடுத்தே ஹாங்காங் இருந்தது. முதலும், துறைமுகமும், உலக வணிகரின் தொடர்பும் அங்கிருந்து எளிதில் வந்து சேர்ந்தன. காண்டலாவோ துறைமுகம் பெற்றிருந்தும் பெருநகரங்களுக்கு எட்டாத இடத்தில் அமைந்தது; அக்காலத்து உரிமக் கட்டுப்பாடுகளும் மிகுதி. ஆதலின் முந்திப் பிறந்த அது பிந்தியே வளர்ந்தது.

இரண்டாவது, வரிச்சலுகையின் அளவறிதல். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுமதி வருவாய்க்கு முதல் ஐந்தாண்டு முழுவிலக்கும், அடுத்த ஐந்தாண்டு பாதிவிலக்கும் தந்தது. ஆயினும், 2021 மார்ச்சுக்குப் பின் தொடங்கும் புதுத் தொழில்களுக்கு அவ்விலக்கு இல்லை. சலுகையை மட்டும் நம்பி வந்தவர் அது நீங்கியதும் தாமும் நீங்குவர். மேலும், மண்டலங்களுக்கென அறிவிக்கப்பட்ட நிலத்தில் நூற்றுக்கு 62 பங்கில்தான் பணி தொடங்கியது என்று இந்தியத் தணிக்கைத் தலைவர் 2014-இல் அறிக்கையிட்டார். எஞ்சிய நிலம் உழவர்க்கும் பயன்படவில்லை, தொழிலுக்கும் பயன்படவில்லை.

மூன்றாவது, ஒன்றையே சார்ந்து நில்லாமை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2006-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்தது. வரிவழக்கு ஒருபுறமும், நிறுவனத்தின் கைபேசிப் பிரிவு கைம்மாறியது மறுபுறமும் நெருக்க, 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. அதற்கு உதிரிப்பொருள் செய்து வந்தோரும் உடன் வருந்தினர்.

நான்காவது, தொழிலாளர் நலம். இலங்கையின் கட்டுநாயக்காவில் 1978-இல் எழுந்த மண்டலம் ஆடை ஏற்றுமதியில் வெற்றி கண்டதென்பது உண்மையே. ஆனால் அங்கு உழைத்த இளம்பெண்கள் நெருக்கடியான விடுதிகளில் குறைந்த ஊதியத்துடன் வாழ்ந்தனர் என்பதும் உண்மையே. ஏற்றுமதிக் கணக்கு ஒன்றையே வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இனி நம் ஊர் நிலையை நோக்குவோம். சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் நிறுவனம் கணினித் தொழிலுக்கென 160 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் ஒரு மண்டலம் அமைத்தது. சென்னைச் சோழிங்கநல்லூரில் அதே நிறுவனம் அமைத்த மண்டலம் விரைந்து நிரம்பியது. சேலத்து மண்டலம் அவ்வாறு நிரம்பவில்லை. சலுகை இரண்டிற்கும் ஒன்றே. வேறுபட்டது சூழ்நிலை. சேலத்து விமானப் போக்குவரத்து 2018-இல் மீண்டும் தொடங்கி, 2021-இல் நின்று, 2023-இல் மறுபடியும் தொடங்கியது. நம் கல்லூரிகளில் பயின்ற இளைஞரோ பெங்களூருக்கும் சென்னைக்கும் சென்று விடுகின்றனர். திறமையுடையார் போனபின் கட்டடம் மட்டும் என் செய்யும்?

இதனோடு வேலியின்றி வளர்ந்த தொழில்களை ஒப்பிடுக. இரண்டாம் உலகப் போரினால் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரவு நின்றபோது, 1943-ஆம் ஆண்டளவில் சேலத்து வணிகர் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதனைச் செய்யத் தலைப்பட்டனர். கிழங்கு விளைவிக்கும் உழவரும், அரைக்கும் ஆலையும், விற்கும் வணிகரும் ஒரே வட்டாரத்தில் இருந்தமையால் தொழில் வேரூன்றியது. தரகரின் பிடியினின்று நீங்க ஆலையினர் 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். நாமக்கல் கோழிப்பண்ணைகளும் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் இவ்வாறே ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தவை. ஒரு லாரி வாங்கியவருக்குக் கூண்டு கட்டுவோரும், டயர் விற்போரும், பழுது பார்ப்போரும், கடன் கொடுப்போரும் நடந்து செல்லும் தொலைவிலேயே கிடைத்தனர்.

இவற்றிற்கும் குறையில்லாமல் இல்லை. குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயப்பட்டறைக் கழிவு காவிரியை மாசுபடுத்தியது. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் கிணறுகளைக் கெடுத்தது. பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், தரச்சோதனைச் சாலை, நல்ல சாலை, தடையற்ற மின்சாரம் ஆகியவற்றை ஓரிடத்தில் அளிப்பதே மண்டலத்தின் மெய்யான பயன். தனித்தனிச் சிறு பட்டறையால் இயலாததை மண்டலம் செய்துதர இயலும்.

2019 ஜனவரியில் தொடங்கப்பெற்ற தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களுள் சேலமும் ஒன்று. இங்குள்ள உருக்கும், பட்டறைத் தொழிலாளரின் கைத்திறனும், கல்லூரிகளின் கல்வியும் ஒன்றோடொன்று இணையுமாயின் அது பயன் தரும். இணையாவிடின் மற்றுமொரு வெற்றுநிலமாக முடியும். வேர் இருக்கும் இடத்தில் நீர் வார்த்தால் மரம் தழைக்கும். பட்டம் பெற்றவுடன் ஊரைவிட்டு ஏகுமுன், நம் மாணவர் அருகிலுள்ள பட்டறைகளையும் ஆலைகளையும் ஒருமுறையேனும் சென்று கண்டு, அவற்றின் குறையைத் தம் கல்வியால் தீர்க்க இயலுமா என்று ஆராய்வாராக.