இரவில் ஏரி யாருக்கு?

நுழையும் முன்

நீர்நிலையை நாடிக் குடும்பத்தோடு செல்வது தமிழர்க்குப் புதிதன்று. ஆடிப்பெருக்கு நாளில் கூட்டுவண்டி கட்டிக் கொண்டு, கட்டுச்சோற்றுடன் காவிரிக் கரைக்குச் சென்றவர்கள் நம் முன்னோர். இன்று வண்டியும் பயணமும் மாறிவிட்டன. கரையில் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை மாறிவிட்டதா? இப்பாடத்தைப் படித்து அறிவோம்.

1. வீட்டுவண்டி

கோடை விடுமுறையில் ஈரோட்டைச் சேர்ந்த குடும்பம் ஒன்று மைசூருக்குப் புறப்பட்டது. அப்பா, அம்மா, எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், ஐந்தாம் வகுப்பில் பயிலும் மகன், அம்மாவைப் பெற்ற பாட்டி என ஐவர். அவர்கள் ஓட்டுநருடன் வாடகைக்கு எடுத்திருந்த வண்டி வழக்கமான சிற்றுந்து அன்று. படுக்கை, சிறிய சமையல் மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, கழிவறை ஆகியவை உள்ளேயே அமைந்த கேரவன் அது. மேலைநாடுகளில் பல்லாண்டுகளாகப் பழக்கத்தில் உள்ள இவ்வகைப் பயணம் இந்தியாவிலும் மெல்லப் பரவி வருகிறது. கேரள அரசு 2021ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனித் திட்டத்தையே அறிவித்தது.

வண்டியைச் சுற்றிப் பார்த்த பாட்டி சிரித்தார். "எங்கள் காலத்துக் கூட்டுவண்டிக்குச் சக்கரமும் கூரையும் உண்டு; குழாய்தான் இல்லை. ஆற்றங்கரையில் மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் வைப்போம். வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது இப்போதுதான்" என்றார்.

"அப்படியானால் இது வீட்டுவண்டி, அம்மிச்சி!" என்று பேரன் அதற்குப் பெயர் சூட்டினான்.

சத்தியமங்கலம், பண்ணாரி கடந்து திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி மெதுவாக ஏறியது. "நேற்று இரவே புறப்பட்டிருந்தால் விடியற்காலையில் மைசூரை அடைந்திருக்கலாமே?" என்று பேரன் கேட்டான். அப்பா விளக்கினார். அது புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் காட்டுவழி. இரவில் சாலையைக் கடக்கும் விலங்குகள் வாகனங்களில் அடிபட்டு இறந்ததால், 2022ஆம் ஆண்டு நீதிமன்ற ஆணைப்படி அங்கு இரவுப் போக்குவரத்து தடை செய்யப்பட்டது. மைசூரிலிருந்து பந்திப்பூர்க் காட்டின் வழியே செல்லும் சாலைகளிலும் 2009ஆம் ஆண்டு முதல் இரவுத் தடை உள்ளது.

"அப்படியென்றால் பகலில் சாலை நமக்கு, இரவில் அது யானைக்கும் புலிக்கும்" என்றாள் மகள்.

2. காரஞ்சி ஏரி

மறுநாள் காலையில் அவர்கள் காரஞ்சி ஏரியை அடைந்தனர். சாமுண்டி மலையின் அடிவாரப் பகுதியில், 1892ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மைசூர் விலங்குக்காட்சிச் சாலையை ஒட்டி இவ்வேரி அமைந்துள்ளது. 'காரஞ்சி' என்னும் கன்னடச் சொல்லுக்கு நீரூற்று என்பது பொருள். கரை நெடுகிலும் மரங்கள் அடர்ந்து நிழல் பரப்புகின்றன. மக்கள் உள்ளே நடந்து சென்று பார்க்கக்கூடிய பெரிய பறவைக்கூடமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இங்கு உள்ளன. நகரத்தின் இரைச்சல் சில அடிகளுக்கு அப்பால் இருந்தும் உள்ளே எட்டுவதில்லை.

ஏரியின் நடுவே தீவுகள் போன்ற மரத்திட்டுகள் இருந்தன. அங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் நின்றன. நத்தைகுத்தி நாரை ஒன்று அலகில் எதையோ கவ்விக்கொண்டு வந்தது. நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் உலர்த்தியது. கூழைக்கடா ஒன்று அவசரமே இல்லாமல் நீரில் மிதந்தது.

"இவை ஏன் கரையிலுள்ள மரங்களை விட்டுவிட்டுத் திட்டுகளில் கூடு கட்டுகின்றன?" என்று மகள் கேட்டாள்.

அங்கிருந்த காவலர் கன்னடத்தில் கூறிய விடையை, அம்மொழி அறிந்த அம்மா தமிழில் எடுத்துரைத்தார். சுற்றிலும் நீர் இருப்பதால் நாயும் பூனையும் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. ஏரியின் நீரே பறவைக்குக் கோட்டை அகழி.

இந்த அழகு எப்போதும் இப்படியே இருந்ததன்று. நகரம் வளர்ந்தபோது கழிவுநீர் இவ்வேரியில் கலந்தது. நீர் கெட்டது, வண்டல் சேர்ந்தது. பின்னர் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியுடன் ஏரி சீரமைக்கப்பட்டது. கழிவுநீர் வரும் வழி மாற்றப்பட்டது. நீர் தெளிந்த பிறகே இன்றுள்ள பூங்கா உருவாயிற்று.

3. பேரனின் ஆசை

மாலை நெருங்கியது. பேரன் ஒரு மரத்தடியைத் தேர்ந்தெடுத்து, "இன்றிரவு இங்கேயே தங்குவோம். தீ மூட்டிச் சுற்றி அமர்ந்து பாட்டுப் பாடலாம்" என்றான். அதற்குள் பூங்காவை மூடும் நேரத்தை அறிவிக்கும் ஊதல் ஒலித்தது. அவன் முகம் வாடியது. "ஏரிக்கரையில் தங்குவதற்காகத்தானே வீட்டுவண்டியில் வந்தோம்? யாருக்கும் தொல்லை தராமல் ஓரமாகத் தூங்கினால் என்ன?" என்று காவலரிடமே கேட்டான்.

காவலர் கோபம் கொள்ளவில்லை. வானத்தைச் சுட்டிக் காட்டினார். வயல்களுக்கு இரை தேடிச் சென்ற கொக்குகள் வரிசை வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. அதே வேளையில், பகலெல்லாம் கிளைகளில் ஒடுங்கியிருந்த இராக்கொக்குகள் ஒவ்வொன்றாக எழுந்து இரைதேடப் புறப்பட்டன.

"பகலில் உழைத்தவை தூங்க வருகின்றன. இரவில் உழைப்பவை வேலைக்குச் செல்கின்றன. நடுவில் நாம் விளக்கேற்றிப் பாட்டுப் பாடினால், அடைகாக்கும் பறவை அஞ்சிக் கூட்டை விட்டுப் பறந்துவிடும். தாயின் வெப்பம் இல்லாமல் முட்டை குளிர்ந்துவிடும். நாம் சிந்தும் சோற்றுக்குக் காகமும் தெருநாயும் வரும். சோறு தீர்ந்த பின் அவை முட்டையையும் குஞ்சையும் தேடும்" என்று அவர் கூறியதை அம்மா மொழிபெயர்த்தார்.

பேரன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "திரும்பி வரும் கொக்குகளை வாயிலில் நின்று எண்ணலாமா?" என்று கேட்டான். அதற்கு அனுமதி கிடைத்தது. அவன் நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணியபோது கதவு மூடப்பட்டது.

4. வாய்க்கால் எங்கே போகிறது?

அன்றிரவு அவர்கள் நகருக்கு வெளியே, வண்டிகளை நிறுத்த இடம் தரும் விடுதி ஒன்றில் தங்க வேண்டும். செல்லும் வழியிலேயே வண்டியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரிந்தது. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேரும் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. சாலையோரத்தில் ஒரு வாய்க்கால் தென்பட்டது. அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"வெறும் சோப்புத் தண்ணீர்தானே! இதில் திறந்துவிட்டால் வேலை முடிந்தது" என்றார்.

ஓட்டுநர் குழாயின் மூடியில் கை வைத்தார். அப்போது மகள் கேட்டாள்: "அப்பா, இந்த வாய்க்கால் எங்கே போகிறது?"

அப்பாவிடம் விடை இல்லை. வாய்க்கால் சரிவில் இறங்கி இருளில் மறைந்தது. சரிவின் முடிவில் தவளைகளின் ஓசை கேட்டது. அங்கே ஏதோ ஒரு குளம் இருந்தது.

மகள் அறிவியல் பாடத்தில் படித்ததை நினைவுகூர்ந்தாள். சோப்பு நீரும் உணவுக் கழிவும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகின்றன. அவை பெருகி நீர்ப்பரப்பை மூடுகின்றன. ஒளி உள்ளே புகுவதில்லை. அவை அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைகிறது. மீன்கள் மடிகின்றன. மீனில்லாத ஏரிக்குப் பறவை வருவதில்லை.

"ஒரு தொட்டி நீரில் ஒரு குளம் கெட்டுவிடுமா?" என்று அப்பா தயங்கியவாறு கேட்டார்.

அதுவரை அமைதியாக இருந்த பாட்டி பேசினார். "மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுங்கள். காரஞ்சி ஏரியை ஒரே நாளில் ஒருவரா கெடுத்தார்? ஒவ்வொருவரும் ஒரு தொட்டி என்றுதானே நினைத்திருப்பார்கள்? இந்த ஊர் காவிரிக்கும் கபினிக்கும் நடுவில் இருக்கிறது. இங்கே ஊற்றும் நீர் சரிவு பார்த்து இறங்கும். இரண்டு ஆறும் திருமகூடலில் கூடி, ஒகேனக்கல்லில் விழுந்து, மேட்டூரில் தேங்கி, பவானி தாண்டி நம் ஊருக்கே வரும். இங்கே கொட்டினால் அங்கே நாம்தான் குடிக்க வேண்டும்."

அப்பா ஒரு கணம் நின்றார். பிறகு தாமே சென்று குழாயின் மூடியை இறுக்கினார். "நீங்கள் சொல்வது சரிதான், அத்தை" என்றார். விடுதியை அடையும்வரை யாரும் வண்டிக்குள் ஒரு சொட்டு நீரும் புழங்கவில்லை. இரவு உணவுக்குப் பின் எண்ணெய் படிந்த பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. விடுதியின் கழிவுநீர்க் குழாயில் தொட்டியை வெளியேற்றிய பிறகே அம்மா அவற்றைக் கழுவினார். அதற்குள் மணி பத்தாகிவிட்டது.

5. கூடுதுறையில்

ஊர் திரும்பும் நாளன்று விடியற்காலையில் அவர்கள் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்தனர். 1864ஆம் ஆண்டு மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அமைந்த ஏரி அது. கன்னடத்தின் பெருங்கவிஞரும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவருமான குவெம்பு நடந்து மகிழ்ந்த கரை அது. 'ஹள்ளி' என்னும் சொல்லும் நம் ஊர்ப்பெயர்களில் வரும் 'பள்ளி' என்னும் சொல்லும் ஒன்றே என்பதை அம்மா விளக்கினார். "தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிறது. நம் 'பால்' அங்கே 'ஹாலு'. சொல் மாறினாலும் வேர் ஒன்றுதான்" என்றார்.

இரண்டு திங்கள் கழிந்தன. ஆடிப்பெருக்கு வந்தது. பவானிக் கூடுதுறையில் கூட்டம் நிறைந்திருந்தது. பாட்டி நீரில் மஞ்சளும் பூவும் இட்டு வணங்கினார். கட்டுச்சோற்றை வாழையிலையில் பகிர்ந்து உண்டனர். உண்டு முடித்ததும் பேரன் இலைகளையும் தாள்களையும் ஒரு பையில் திரட்டினான். அருகில் ஒருவர் நெகிழிப் பையை ஆற்றில் எறியக் கையை ஓங்கினார். பேரன் தன் பையை விரித்து அவர்முன் நீட்டினான். அவர் சிறிது நாணி, அதில் இட்டார்.

மகள் குனிந்து ஆற்றுநீரை இரு கைகளிலும் அள்ளினாள்.

"இதில் மைசூர் நீரும் இருக்கும், இல்லையா அம்மிச்சி?"

"இருக்கும், கண்ணு" என்றார் பாட்டி.

சொல்லும் பொருளும்

அம்மிச்சி – அம்மாவின் தாய் (கொங்கு வட்டார வழக்கு)
அகழி – கோட்டையைச் சூழ்ந்த நீர் அரண்
வண்டல் – நீர் அடித்துவந்து படியும் மண்
உயிர்வளி – ஆக்சிஜன்
நெகிழி – பிளாஸ்டிக்
கூடுதுறை – ஆறுகள் கூடும் இடத்திலுள்ள துறை
திங்கள் – மாதம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. காரஞ்சி என்னும் கன்னடச் சொல்லின் பொருள் __________.
2. திம்பம் மலைப்பாதையில் __________ கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.
3. காவிரியும் கபினியும் கூடும் இடம் __________.
4. பகலில் ஒடுங்கி இரவில் இரைதேடும் பறவை __________.

ஆ. யார், யாரிடம் கூறியது?
1. "வெறும் சோப்புத் தண்ணீர்தானே!"
2. "அப்படியானால் இது வீட்டுவண்டி!"
3. "இங்கே கொட்டினால் அங்கே நாம்தான் குடிக்க வேண்டும்."

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நீர்ப்பறவைகள் ஏரியின் நடுவிலுள்ள திட்டுகளில் கூடு கட்டுவது ஏன்?
2. காட்டுவழிச் சாலைகளில் இரவுப் போக்குவரத்து தடை செய்யப்பட்டதன் காரணம் யாது?
3. அடைகாக்கும் பறவை கூட்டை விட்டு நீங்கினால் என்ன நேரும்?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. சோப்பு நீர் ஏரியில் கலப்பதால் விளையும் மாற்றங்களை வரிசைப்படுத்தி எழுதுக.
2. "ஒரு தொட்டி நீரில் ஒரு குளம் கெட்டுவிடுமா?" என்னும் வினாவுக்குப் பாட்டி அளித்த விடையை நீவிர் ஏற்கிறீரா? காரணம் தருக.

உ. மொழியை அறிவோம்

'கூடு' என்னும் சொல்லுடன் 'வண்டி' சேரும்போது 'கூட்டுவண்டி' என்றாகிறது. 'ஆறு' என்பதுடன் 'நீர்' சேரும்போது 'ஆற்றுநீர்' என்றாகிறது. இவ்வாறு டு, று என முடியும் நெடில்தொடர்க் குற்றியலுகரச் சொற்கள் மற்றொரு சொல்லுடன் சேரும்போது ட், ற் என்னும் ஒற்றுகள் இரட்டிக்கும்.

சேர்த்து எழுதுக: வீடு + வண்டி, காடு + வழி, சோறு + பானை, நாடு + மக்கள்.

ஊ. செயல்திட்டம்

உம் பள்ளிக்கோ வீட்டிற்கோ அருகிலுள்ள ஓர் ஏரி அல்லது குளத்திற்குப் பெரியவர் ஒருவருடன் செல்க. அதற்குள் நீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்பதைப் படமாக வரைக. அங்குக் கண்ட பறவைகளின் பெயர்களைத் தமிழிலும், உம் நண்பரிடம் கேட்டுக் கன்னடத்திலும் பட்டியலிடுக.